கொலர் லைன் சின்னத்தங்கம்

இதில இரிங்க மாமி, நிழல் கிடக்கு. சாப்பாட்டு நேரம் அரை மணித்தியாலம்தான், நான் கொஞ்சம் கெதியாத்தான் கதைப்பன், குறை நினைக்காதீங்க. இந்தத் தையல் காமென்சுக்குள்ள வந்தா வாயும் மிசின் மாதிரி ஓடப் பழகிரும்.

வேலையா? சட்டைக்குக் கொலர் தைக்கிறது. மணித்தியாலத்துக்கு அறுபது. சேந்த புதிசில எனக்கு முப்பதும் வராது மாமி. ஒரு கிழமை கக்கூசுக்குள்ள நிண்டு அழுதன். மறுகா பழகிப் போச்சி. இப்ப நான்தான் லைன் லீடர். சின்னத்தங்கம் எண்டா மனேஜர் அப்துல் கபூரே எழும்பி நிண்டு கதைப்பார். சரி, எழும்ப மாட்டார். ஆனா கதைப்பார்.

சிரிக்கிறீங்க, நல்லது.

உங்கட மகனோட எப்பிடிப் பழக்கம் எண்டு கேக்கிறீங்களோ? போன வருசம் ஒரு நாள் ஆமிக்காரங்க சோதனைக்கெண்டு எங்கட பஸ்ஸ வழியில மறிச்சிட்டாங்க. வந்து சேரக்குள்ள பத்து மணி. வெளிநாட்டுக்குக் கப்பலில போற சட்டை, பிந்தி வந்தாலும் அண்டைய கணக்குக் குறையாது. மத்தியானம் ஒருத்தரும் எழும்பல்ல. றஸீனா எண்டு என்ர கூட்டாளி, அண்டைக்கு அவட மிசின் பழுது. எல்லாற்ற சோத்துப் பார்சலையும் அவிழ்த்து, லைன் வழிய நடந்து நடந்து ஊட்டி விட்டா. கை தைக்குது, வாய் திங்குது. துணி வெட்டுற ஆம்பிளையளுக்கு மட்டும் கையில குடுத்தா. அதுக்குள்ள இருந்த உங்கட அழகரத்தினம் தன்ர முட்டைப் பாதியக் கொண்டந்து என்ர மிசினில வெச்சிட்டுப் போனார். அதிலதான் தொடங்கினது.

தெரியும் மாமி. வீடில்லாத புள்ள எண்டுதானே யோசிக்கிறீங்க. நம்மட ஊரில பொம்புளைக்குத்தானே சீதனமா வீடு குடுக்கிறது. எங்கட வீடு தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில எரிஞ்சிற்று, அம்மாவுக்கு நாலு சுவர்தான் மிச்சம். அந்தச் சுவருக்குக் கூரை போடத்தான் இந்த ஓட்டமெல்லாம்.

அவர விட்டிரச் சொல்றீங்களோ? அது ஏலா மாமி. உங்கள மதிக்காமச் சொல்லல்ல. போன வியாழக்கிழமை எங்களுக்குக் கலியாண எழுத்து முடிஞ்சிற்று. பதிவுகாரர இங்க கூப்பிட்டு, துணி வெட்டுற மேசையிலயே கையெழுத்து வெச்சம். றஸீனாவும் மனேஜரும் சாட்சி.

தண்ணி குடிங்க மாமி.

உங்களிட்டச் சொல்லப் பயந்து, உங்கட மகன் அந்த நூல் பெட்டியளுக்குப் பின்னால ஒளிச்சி நிக்கிறார். ஏசுறதெண்டா அவரையும் கூப்பிட்டு வெச்சி ஏசுங்க. நான் தனிய வாங்க மாட்டன்.