பட்டினி போட்டுப் பார்த்த கெளுத்தி

நான்காம் வகுப்போடு நின்றவன் நான். ஓசூரில் மூன்று லேத் பட்டறை வைத்தேன். சரக்கைச் சோதித்து அனுப்புவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. அன்று சூளகிரியில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் இரண்டு சம்பந்தியம்மாக்கள். பெண்ணைக் கொடுத்தவள் மடியில் ஒரு பிளாஸ்டிக் குடம், அதற்குள் பெரிதும் சிறிதுமாகக் கெளுத்தி மீன்கள்.

"ரெண்டு நாளா பட்டினி போட்டேன் சம்மந்தி. ஒண்ணையொண்ணு கடிக்கல."

"எதுக்குங்க, பாவம்?"

"எங்க ஏரியில ஆப்பிரிக்கக் கெளுத்தி பூந்து நாட்டுக் கெளுத்திய எல்லாம் முழுங்கிடுச்சு. மிச்சம் இதுங்கதான். உங்க கெணத்துல விட்டாத்தான் பொழைக்கும்."

"இதுல ஒண்ணு அந்த ரகமா இருந்தா எங்க கெணறும் காலிதானே?"

"இருந்திருந்தா பசியில குட்டிங்கள தின்னிருக்கும். எல்லாம் அப்படியே இருக்கு, பாருங்க."

இப்படிச் சோதிக்கிறவள் என் பட்டறைக்கு வந்திருந்தால் அன்றே வேலை கொடுத்திருப்பேன்.

மற்றவள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு குட்டி துள்ளி அவள் முகத்தில் தண்ணீர் தெறித்தது.

"மருமவள அனுப்பறப்பவும் இப்படிச் சோதிச்சீங்களா?"

"அவளப் பட்டினி போட்டிருந்தா என்னையே கடிச்சிருப்பா."

இருவரும் குலுங்கிச் சிரித்ததில் குடம் தளும்பியது.

"இப்படிக் குடுங்க. எங்க கெணத்துக்கு வர்றதுங்க, என் மடியிலயே வரட்டும்."