பந்தலுக்கு வந்த வீடியோ கேம்

விண்ணரசி: …பிள்ளைங்க கண்ணுல காட்டாதீங்க தம்பி. அப்புறம் கேட்டு அழுவுங்க.

செல்லதுரை: விக்க வரலக்கா… சும்மா பாக்கட்டும்.

விண்ணரசி: என்னாது, செல்போனா?

செல்லதுரை: வீடியோ கேம். கையில வச்சு ஆடுறது. கும்பகோணத்துல கடை வச்சிருக்கேன். அங்க இது போணியே ஆகல.

விண்ணரசி: ஏன், நல்லாத்தானே ஓடுது?

செல்லதுரை: வர்றவங்கள்லாம் ஆசையா எடுத்துப் பாக்குறாங்க. போன்லயே கேம் இருக்கு, இதுக்கு வேற தண்டம் அழணுமான்னு வச்சிட்டுப் போயிடுறாங்க.

விண்ணரசி: நியாயந்தானே?

செல்லதுரை: போன்ல இந்தப் பட்டன் ஏதுக்கா? விரல் பழகிட்டா…

விண்ணரசி: பட்டனுக்காக யாரு வாங்குவா? வேற ஆட்டம் இருக்கா இதுல?

செல்லதுரை: அதான் சிக்கல். வாங்க ஆளில்லன்னு இதைச் செய்யுறவன் புது கேம் போடமாட்டேங்குறான். புது கேம் இல்லன்னு வாங்கமாட்டேங்குறாங்க.

விண்ணரசி: ம்… எங்க பந்தல் கதைதான்.

செல்லதுரை: எப்படி?

விண்ணரசி: வயல்ல கேஸ் எடுக்கக் குழாய் இறக்கக்கூடாதுன்னு உக்காந்திருக்கோம். கூட்டமில்லையேன்னு ஊர்க்காரங்க வரல. அவங்க வராததாலதான் கூட்டமில்ல.

செல்லதுரை: யாராச்சும் முதல்ல உக்காந்தா…

விண்ணரசி: முதல்ல உக்காந்தாச்சு. அடுத்த ஆளைத்தான் காணும். பிள்ளைக்காரிங்க வந்தாலும், பிள்ளைங்க போனைப் புடுங்கி ஆடியே சார்ஜைத் தீத்துடுதுங்க. கேஸ் கம்பெனி வண்டி வருதுன்னு தகவல் சொல்லக்கூட முடியல. பாதியில எழுந்து போயிடுறாங்க.

செல்லதுரை: அப்ப இதை இங்கயே வச்சுக்கங்க. பையில இன்னும் இருக்கு. பிள்ளைங்க இதுல ஆடட்டும், போன் உங்க கையில இருக்கும்.

விண்ணரசி: சும்மாவா?

செல்லதுரை: சும்மாத்தான்.

விண்ணரசி: சும்மான்னாலே பயமா இருக்கு தம்பி. அந்தக் கம்பெனிக்காரங்களும் மாதா கோயிலுக்கு மைக்செட் வாங்கித் தர்றோம்னுதான் ஆரம்பிச்சாங்க.

செல்லதுரை: ஐயோ… நான் அவங்க ஆளு இல்லக்கா.

விண்ணரசி: பின்ன யாரு? சொல்லுங்க.

செல்லதுரை: வாய்க்காலுக்கு மேற்கால வீரையன் நெலம் இருக்குல்ல… அவரு மவன் நான். உழுறவனுக்கே நெலம்னு அப்பா கொடி புடிச்சு, ஜெயிலுக்குப் போயி வாங்குன நெலம். இப்ப பட்டா என் பேருல. அங்கதான் முதல் குழாயாம். கையெழுத்து கேட்டுக் கடைக்கே வந்துட்டாங்க.

விண்ணரசி: நீங்க என்ன…

செல்லதுரை: மாட்டேன்னுட்டேன். அதைச் சொல்லிட்டு இங்க உக்காரலாம்னுதான் வந்தேன். வெறுங்கையோட வரக் கூச்சமா இருந்துச்சு.

விண்ணரசி: வண்டிய நிறுத்துனப்பவே தெரியும்டா, நீ வீரையண்ணன் மவன்னு. நெலத்தை எழுதிக் குடுத்துட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயந்துதான் தெரியாத மாதிரியே பேசிகிட்டிருந்தேன். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா.