கப்பலில் இடமில்லை என்று சொன்னேன்

கப்பல் மணலில் இடிக்கிறது. முதலில் அடியில் ஒரு தேய்ப்பு. நீளமாக. தகரத்தை ரோட்டில் இழுத்தால் வருமே, அந்தச் சத்தம். பிறகு நிற்கிறது. எல்லாரும் ஓரடி முன்னால் தள்ளப்படுகிறோம். லாரிகளைக் கட்டிய சங்கிலிகள் குலுங்குகின்றன.

விடிந்துவிட்டது. ஐப்பசி. தூறல்.

எதிரே பனந்தோப்பு. அதற்குப் பின்னாலிருந்து முதல் ஷெல் வருகிறது. விசில் அடிப்பது போல ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. அப்புறம் கடல் எழுந்து எங்கள் மேல் விழுகிறது.

"கதவத் திற! எறக்கு! எறக்கு!"

நான் மேல்தட்டில் நிற்கிறேன். கையில் மைக். கரையில் ஆட்கள் வருகிறார்கள். ஆணும் பெண்ணும். தலையில் தென்னங்கீற்று. எங்களுக்கு உதவ வருகிறார்கள்.

என் குரலைக் கேட்டுத்தான் வருகிறார்கள்.

என் பெயர் சேவியர். பொன்மலையில் பிறந்தவன். அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இப்போது காட்டூரில் இருக்கிறேன். எழுதிப் பழக்கமில்லை. குடியரசு தினம் வந்தால் பக்கத்து ஸ்கூலில் கூப்பிட்டுச் சால்வை போடுகிறார்கள். வீடு முழுக்கச் சால்வை. என் மனைவி ஒன்றை மிக்ஸிக்கு மூடி வைத்திருக்கிறாள். மைக்கை நீட்டுவார்கள். வாங்க மாட்டேன். அடக்கமான மனுஷன் என்பார்கள். மண்ணாங்கட்டி. மைக்கைப் பிடித்தால் என்ன வாயில் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வாங்குவதில்லை.

அது கடலுக்கு அந்தப் பக்கம் நடந்த சண்டை. எங்களை அனுப்பினார்கள். போனோம். யார் சரி, யார் தப்பு என்று எழுத நான் வரவில்லை. அதை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அந்தக் கரையில் நிற்கவில்லை.

எங்கள் வேலை இறக்குவது. கப்பலிலிருந்து கரைக்கு. ஆள், லாரி, ஜீப், பீரங்கி. சின்னக் கப்பல். அடி தட்டை. அதற்குத் துறைமுகம் வேண்டாம். நேராகப் போய் மணலில் ஏறும். மூக்கு திறக்கும். உள்ளிருந்து பெரிய இரும்புப் பலகை கீழே சாயும். அதை ராம்ப் என்போம். எல்லாம் அது வழியாகத்தான் இறங்கும். கரைக்கு வரும்போதே பின்பக்கம் ஒரு நங்கூரத்தைக் கடலில் போட்டுவிட்டு வருவோம். சரக்கு இறங்க இறங்கக் கப்பல் லேசாகும். மிதக்கும். நங்கூரக் கயிற்றைச் சுற்றினால் கப்பல் தன்னைத் தானே பின்னுக்கு இழுத்துக்கொள்ளும். கடல் வற்றுவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும். வற்றிவிட்டால் மணலில் உட்கார்ந்துவிடும். மறுபடி கடல் ஏறும்வரை அசையாது. சுடுகிறவனுக்கு அதைவிட வசதி வேறில்லை.

இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒரு காரணம் இருந்தது. காரணம் இல்லாமல் செய்தோம் என்று நான் சொல்லவில்லை.

அதே கரைக்கு ஆடி மாதம் ஒரு தடவை போயிருந்தோம். அப்போது கொண்டுபோனது அரிசி. மண்ணெண்ணெய். மருந்து. சீருடையைப் பார்த்துச் சனம் கிட்டே வரவில்லை. மரத்துக்கு மரம் ஒளிந்து பார்த்தார்கள். எங்கள் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கப்பலில் தமிழ் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நானும் ரங்காவும்.

ரங்கா ஸ்ரீரங்கத்துக்காரன். சித்திரை வீதி. அவன் வீட்டில் யாரும் சமுத்திரத்தைத் தாண்டினதில்லை. இவன் கடற்படையிலேயே சேர்ந்துவிட்டான். மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்துவான். ஆனால் கப்பலில் அவனை மாதிரி வேலை செய்ய ஆள் கிடையாது. அவனுக்குக் கரை வேலை. ராம்ப் சாய்ந்ததும் முதலில் தண்ணீரில் குதிப்பவன் அவன்தான். லாரிச் சக்கரம் புதையாமல் இருக்க மணலில் இரும்புப் பாய் விரிக்க வேண்டும்.

மைக்கை யார் பிடிப்பது என்று வந்தபோது ரங்கா என் பக்கம் தள்ளினான்.

"நீயே கூப்பிடுடா. நோக்குத்தான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுத் தொண்டை. நான் கூப்பிட்டா தீர்த்தம் குடுக்கப் போறான்னு நெனச்சுண்டு கைய நீட்டுவா."

கூப்பிட்டேன். "வாங்க வாங்க! பயப்படாதீங்க! அரிசி இருக்கு, மண்ணெண்ணெய் இருக்கு! வரிசையா வாங்க!"

தோப்பிலிருந்து ஒரு சிரிப்பு. ஒரு பெண் வெளியே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் கை.

"என்ன தம்பி, பஸ்ஸுக்கு ஆள் சேர்க்கிறியளோ?"

அவள் பெயர் பாக்கியம். அவள் சிரித்த பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள்.

அன்றைக்கு இரும்புப் பாய் போதவில்லை. இரண்டாவது லாரி அச்சுவரை புதைந்தது. இருபது பேர் தள்ளியும் அசையவில்லை. பாக்கியம் பார்த்தாள். ஊருக்குள் போனாள். வரும்போது தலையில் கீற்று. அவள் வீட்டுக் கூரையில் பிரித்தது. அவளைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் பிரித்தார். அதற்கடுத்த வீடு. மணலில் வரிசையாக விரித்தார்கள். லாரி உறுமியது. ஏறியது. கீற்று நொறுங்கியது. அந்தச் சத்தம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பளம் உடைவது மாதிரி.

அதிகாரி என்னிடம் சொல்லச் சொன்னார். மைக்கில் சொன்னேன். "அடுத்த தடவ வர்றப்ப எல்லார் வீட்டுக்கும் புதுக் கீத்து கொண்டாறோம்!"

கைதட்டினார்கள்.

அடுத்த தடவை கொண்டுபோனது பீரங்கி.

இடையில் என்ன மாறியது என்று எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. அந்தக் கரையில் இப்போது எதிரி இருக்கிறான் என்றார்கள். மைக்கில் சனத்தை விலகச் சொல் என்றார்கள்.

சொன்னேன். "கரைய விட்டு விலகிப் போங்க! உள்ள போங்க! வராதீங்க!"

வந்தார்கள். இஞ்சின் சத்தத்தில் கேட்டிருக்காது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். பொய். கேட்டிருக்கிறது. இந்த வருஷம்தான் பாக்கியம் என்னிடம் சொன்னாள்.

"விலகச் சொல்லித்தான் சொன்னியள். ஆனா அரிசி லொறி புதையுமே எண்டு வந்தம்."

இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. நிறுத்திவிடலாம் போலிருக்கிறது. ஆனால் மீதியையும் சொல்ல வேண்டும்.

ராம்ப் சாய்கிறது. தொம். ரங்கா குதிக்கிறான். இடுப்பளவு தண்ணீர். பாய் விரிக்கிறான். அவர்கள் பாய்க்கு இரண்டு பக்கமும் கீற்றைப் பரப்புகிறார்கள். முதல் வண்டி வெளியே வருகிறது. அரிசி இல்லை என்று பார்க்கிறார்கள். பீரங்கி என்று பார்க்கிறார்கள். அதற்குள் அது கீற்றின் மேல் ஏறிவிட்டது.

இரண்டாவது ஷெல். கரையில். மூன்றாவது. தோப்பிலிருந்து மெஷின் கன். டக்-டக்-டக். இடைவெளி. டக்-டக்-டக். எங்கள் கப்பலில் இருந்த துப்பாக்கியும் திருப்பிச் சுடுகிறது. என் காதுக்குப் பக்கத்தில். இரண்டுக்கும் நடுவில் அவர்கள். யாருடைய குண்டு யாரைக் கொன்றது என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரிப் பேசுகிறவனை நம்பாதீர்கள்.

கடைசி லாரி இறங்குகிறது. அவர்கள் எங்களைப் பார்த்து ஓடி வருகிறார்கள். வேறெங்கே ஓடுவார்கள்? பின்னால் தோப்பு. வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை. எதிரே ஒரு இரும்புக் கப்பல். கதவு திறந்திருக்கிறது.

முதலில் ஏறியவர்கள் ஏழு பேர். மூக்குப் பக்கமே நெருக்கி நின்றார்கள். கடல் வற்றிக்கொண்டிருந்தது. கப்பலின் மூக்கு மணலை விட மறுத்தது. நங்கூரக் கயிறு இழுத்து இழுத்துக் கிறீச்சிட்டது.

அதிகாரி கத்தினார். "ராம்பைத் தூக்கு!" பிறகு என் பக்கம் திரும்பினார். "இடமில்லை என்று சொல்!"

அந்த ஏழு பேரைப் பின்பக்கம் ஓடச் சொன்னால் மூக்கு தூக்கிக்கொள்ளும். இன்னும் நாலு தடவை அப்படி ஆட்களை ஏற்றிப் பின்னால் அனுப்பியிருக்கலாம். இது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். நேரமில்லை என்பார்கள். இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். நாங்கள் முயன்று பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அவர் சொன்னது அவர் மொழியில். அந்தக் கரையில் அது யாருக்கும் புரியாது.

தமிழில் சொன்னவன் நான்.

"கப்பல்ல எடமில்ல! திரும்பிப் போங்க! மறுபடி வருவோம்!"

கடைசி இரண்டு வார்த்தையை யாரும் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்தேன்.

அவர்கள் நின்றார்கள். அதுதான் என்னைக் கொல்கிறது. முட்டி மோதியிருக்கலாம். ராம்பைப் பிடித்துத் தொங்கியிருக்கலாம். கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கலாம். தெரிந்த குரல் சொன்னது. வரிசையில் நிற்கிற மாதிரி நின்றார்கள்.

நிற்காதவன் ரங்கா மட்டும்தான். தண்ணீரில் நின்று கத்தினான்.

"தூக்காதேடா! சேவியர்! தூக்க வேணாம்னு சொல்லுடா! உள்ள காலியாத்தானே இருக்கு!"

ராம்ப் எழும்புகிறது. பாக்கியம் அவன் பக்கத்தில் இருந்தாள். இடுப்பைப் பிடித்துத் தூக்கி உள்ளே எறிந்தான். மூட்டையை எறிகிற மாதிரி. அந்த இடத்தில் அவன் தாவியிருக்கலாம். அவனுக்கு அது ஒரு வேலையே இல்லை. தாவவில்லை. அடுத்த ஆளைத் தூக்கத் திரும்பினான். ராம்ப் மூடிக்கொண்டது.

தேய்ப்புச் சத்தம். இந்தத் தடவை பின்னோக்கி. கப்பல் மிதந்தது.

அடுத்த ஷெல் கரை ஓரத்தில் விழுந்தது. தண்ணீர் அடங்கியபோது ரங்கா நின்ற இடத்தில் யாரும் இல்லை.

நாங்கள் மறுபடி அந்தக் கரைக்குப் போகவில்லை.

ரங்காவின் உடல் வரவில்லை. வருஷாவருஷம் திதிக்கு அவன் தம்பி அம்மா மண்டபத்தில் காவிரிக்கு வருவார். நானும் போய்த் தள்ளி நிற்பேன். பாக்கியமும் வருவாள். அவள் அன்றிலிருந்து இந்த ஊரில்தான் இருக்கிறாள். அகதி முகாமில். தலை முழுக்க நரைத்துவிட்டது. இன்னும் அவளுக்கு ஒரு நாட்டுக் காகிதமும் கிடையாது. ரங்காவின் தம்பியிடம் பேசுவாள். இந்த வருஷம் வரை என்னிடம் பேசினதில்லை. நானும் வாயைத் திறந்ததில்லை. குரலை அடையாளம் கண்டுகொள்வாள் என்ற பயம்.

இந்த வருஷம் படிக்கட்டில் கூட்டம். யாரோ ஒருவர் பாசியில் வழுக்கினார். "பாத்து! பாத்து! ஓரமா வாங்க!" என்று கத்திவிட்டேன்.

பாக்கியம் திரும்பினாள். சிரிக்கவில்லை.

"பஸ்ஸுக்கு ஆள் சேர்த்த தம்பி" என்றாள்.

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

"கரையில எத்தினை பேர் நிண்டவை? நான் உள்ளுக்க விழுந்து கிடந்தன். நீங்கள்தானே மேல நிண்டனீங்கள்."

"எண்ணலக்கா" என்றேன்.

"பொய் சொல்லாதேங்கோ. நான் பேர் பேராச் சொல்லிப் பாக்கிறனான். என்ர மனுசனில தொடங்கி முப்பத்து மூண்டு பேர் வருது. ஆரையேனும் மறந்துபோனனோ எண்டு நித்திரை வராது. விட்டிட்டுச் செத்தா அந்த ஆளுக்கு ஆர் இருக்கினம்?"

ரங்காவின் தம்பி ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். "தெரிஞ்சா சொல்லிடுங்கோ சார்" என்றார்.

எண்ணியிருந்தேன். அன்றைக்கு எண்ணினேன். ஏன் என்று தெரியாது. மேலே நிற்பவன் கரையை எண்ணிப் பார்ப்பது பழக்கம். இத்தனை வருஷமும் என் மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

"முப்பத்து நாலு" என்றேன்.

பாக்கியம் முகம் வெளுத்தது. "அப்ப ஒராளை மறந்திட்டன்" என்றாள். விரலை மடக்க ஆரம்பித்தாள். மனுசன். மனுசனின் தம்பி. கிணற்றடி வீட்டுக்காரி. அவள் மாமி. ஒவ்வொரு பெயராக. முப்பத்து மூன்றில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"மறக்கலக்கா" என்றேன். "நான் ரங்காவையும் சேத்து எண்ணிட்டேன்."

அவர்களில் ஒருவரைக்கூட அவள் பிறகு உயிரோடு பார்க்கவில்லை. தேடச் சொல்லி எழுதிய இடங்களிலிருந்து பதில் வரவில்லை.

கணக்கு இதுதான். ஆடியில் பிரித்த கூரைகள் பதினாறு. திருப்பிக் கொடுத்தது ஒன்றுமில்லை. கரையில் விட்டது முப்பத்து மூன்று பேரை. அவர்களோடு ஸ்ரீரங்கத்து ரங்கா. ஏற்றி வந்தது ஏழு பேரையும் பாக்கியத்தையும்.

அந்தக் கப்பலின் வயிற்றில் மூன்று லாரி நிற்கும். திரும்பி வரும்போது அந்த எட்டுப் பேரும் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். மீதி வெறும் இரும்புத் தரை. மழைத்தண்ணீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடிக்கொண்டிருந்தது.

இடம் இருந்தது.