முதல் அத்தியாயம் மட்டும் என்னுடையது

முதல் அத்தியாயத்துக்குப் பிறகு நாவல் ஆமை மாதிரி நகர்கிறது என்று நீங்கள் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை, ஐயா. படித்த எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். என் கணவர் எழுதியபடியே விட்டிருந்தால் அந்த முதல் அத்தியாயமும் இருந்திருக்காது. கதாநாயகர் எழுந்து, பல் துலக்கி, செருப்பைத் தேடி, மழை வருமா என்று யோசித்து முடிக்கவே எண்பது பக்கம். கொலைக்கதை எழுதுகிறவருக்குக் கொலை செய்ய அவ்வளவு சோம்பல் ஆகாது.

பதிப்பாளர் நல்ல மனிதர். வீட்டுக்கே வந்து, காபி ஆறிப்போகும்வரை தயங்கிவிட்டுத்தான் பேச்சை எடுத்தார்.

"சார், ஒருத்தரையாவது வாசகருக்குப் பிடிக்கணும். இதுல யார் செத்தாலும் 'சரி, போகட்டும்'னுதான் தோணுது. அந்தச் சாவையாவது கொஞ்சம் முன்னாடி கொண்டு வாங்க."

வாழ்க்கையில் இருக்கிறதைத்தானே எழுத முடியும் என்றார் என் கணவர். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

வாழ்க்கை என்றால் எங்கள் வீடுதான். கஞ்சத் தங்கை ஒருத்தி, கையாலாகாத மைத்துனன் ஒருவன், இவர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி ஒரு மனைவி. அவளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை. புருஷனுக்கு மூச்சு இழுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறவள். ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்து கதை கேட்ட என் நாத்தனார், தன்னை அடையாளம் கண்டுகொள்ளவே இல்லை. என்னை மட்டும் உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணியை அப்படியே உரிச்சு வச்சிருக்கியேண்ணா," என்று சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கதையில் வரும் மனைவியைக் கொஞ்சம் மாற்றுங்கள் என்று அவரிடம் கேட்டேன். ஒரே ஒரு நல்ல குணம் போதும் என்றேன். தெருவில் எல்லோரும் படிப்பார்கள். புத்தகம் வந்த மறுநாளும் நான் அதே தெருவில்தான் நடக்க வேண்டும்.

"அது நீ இல்ல," என்றார். "அவ சுவாரசியமானவ."

அவருக்கு ஒரு பழக்கம். எந்தச் சாவையும் நடித்துப் பார்க்காமல் எழுத மாட்டார். எங்கள் மாடிப்படியில் பலமுறை உருண்டிருக்கிறார். பிணமாகக் கிடந்து கிடந்து எனக்கும் நல்ல தேர்ச்சி. இந்த நாவலில் மனைவி புருஷனைச் சாமான் அறையில் அடைக்கிறாள், அவன் மூச்சுத் திணறிச் சாகிறான். ஆகவே படிக்கட்டுக்குக் கீழே இருந்த எங்கள் சாமான் அறைக்குள் போனார். தூசி படிந்த பழைய பஞ்சு மெத்தைகளுக்கு நடுவே, ஒரு ஆஸ்துமாக்காரர். இன்ஹேலரை வெளியே மேசைமேல் வைத்துவிட்டார். கதையில் வருகிறவனிடம் அது கிடையாதாம்.

"தட்டுவேன், கத்துவேன், திறந்துடாதே. அதெல்லாம் நடிப்பு," என்றார். "பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் நிஜம்."

தாழ்ப்பாளைப் போட்டேன். விதியை வைத்தது அவர் என்பதைக் கவனிக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'ஏய்' என்றும் 'இந்தா' என்றும்தான் கூப்பிட்டிருக்கிறார். என் பெயர் அவருக்கு நினைவிருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகம். தட்டினார். 'ஏய், திற' என்றார். நான் கதவோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, சொன்ன சொல்லைத் தட்டாமல் இருந்தேன்.

பழைய காகிதம் தேடப் போனார், தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மருத்துவரிடம் சொன்னேன். நாத்தனார் என் தோளில் சாய்ந்து அழுதாள். அழ வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, பதிப்பாளர் கேட்டபடி சாவை முன்னால் கொண்டுவந்து முதல் அத்தியாயத்தை எழுதினேன். அவர் விட்டுப்போனது என்று சொல்லிப் பதிப்பாளரிடம் கொடுத்தேன். மனைவியைக் கொஞ்சம் நல்லவளாக்கினேன். கதவுக்கு இந்தப் பக்கம் அவள் கண்ணீர் விடுகிறாள். தெருவில் இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

அதோடு விட்டிருப்பேன். ஆனால் பத்திரிகைகளைப் பாருங்கள். மீதிப் பக்கங்கள் தூக்க மாத்திரையாம், முதல் அத்தியாயம் மட்டும் மேதையின் கையாம். அவருடைய கை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நீங்கள் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதும் மறுபேச்சில்லாமல் வந்தது அதற்குத்தான். தாழ்ப்பாளைப் போட்டதும் நான், திறக்காமல் இருந்ததும் நான், அந்த அத்தியாயத்தை எழுதியதும் நான். மூன்றையும் சேர்த்தே பதிவு செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் கெட்டிக்காரர். மற்றவர்கள் தாண்டிப்போன இடத்தில் விரலை வைத்துவிட்டீர்கள். உள்ளே இருப்பவன் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானே, அது கதைக்காகச் சேர்த்ததா என்று கேட்டீர்கள்.

இல்லை, ஐயா. இரண்டு முறை கூப்பிட்டார். தெளிவாகத்தான் கேட்டது. அவர் வாயில் என் பெயர் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மூன்றாவது முறையும் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன்.