மஞ்சள் புள்ளி

எனக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. சாப்பாட்டு மேஜையில் போதும் என்று சொல்லத் தெரியாமலேயே எடை போட்டவன் நான். கடையில் எடுத்துக் காட்டிய சட்டையைத் திருப்பிக் கொடுக்கக் கூச்சப்பட்டு, கழுத்து இறுக்குகிற சட்டையோடு வீட்டுக்கு வருவேன். என் மனைவி இதை வியாதி என்பாள். கம்பெனி இதையே திறமை என்று சொல்லி, கார் சர்வீஸ் சென்டரின் முன்பக்கக் கவுண்டரில் பன்னிரண்டு வருஷமாக என்னை உட்கார வைத்திருக்கிறது.

டீச்சரின் கார் எப்படி எரிந்தது, அவருடைய மாமனார் எப்படிச் செத்தார் என்று கேட்டீர்கள், சார். சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்கிறவர்களிடம் வேறு எதையெல்லாமோ பேசிப் பழகிய வாய் இது. அதற்கு முன்னால் ஒரு விஷயம். எங்கள் தலைமை மெக்கானிக்கை ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறீர்கள். ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். அதனால் அவரை டாக்டர் என்று கூப்பிடுவோம். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவர் மேல் ஒரு பிழையும் இல்லை.

போன வருஷக் கடைசியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அந்த ஒரு மாடலில் எஞ்சினுக்குப் பின்னால் போகிற பெட்ரோல் குழாய் சூட்டில் இறுகி வெடிப்பு விடுகிறது. கசிகிற பெட்ரோல் சூடான பாகத்தின் மேல் சொட்டினால் தீப்பிடிக்கலாம். எல்லா வண்டிகளையும் திரும்ப அழைத்து இலவசமாகக் குழாயை மாற்றிக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் வேறு ஊர்களில் நாலைந்து வண்டிகள் எரிந்திருந்தன. எங்கள் சென்டருக்கு வர வேண்டிய வண்டிகள் நூற்று நாற்பது. வந்து சேர்ந்த குழாய்கள் இருபது. கடிதத்தை எல்லோருக்கும் அனுப்பியவர்கள் குழாயை அனுப்ப மறந்துவிட்டார்கள்.

அந்த வாரங்களில் என் கவுண்டரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒருவர் கடிதத்தைச் சுருட்டி என் மேஜையில் தட்டிக்கொண்டே பேசினார். ஒருவர் வாசலுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டார். "எரியற வண்டிய வித்தப்போ அப்பாயிண்ட்மெண்ட் கேக்கல, இப்ப மட்டும் கேக்கறீங்க?" என்றார் இன்னொருவர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் எல்லோரிடமும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகும் தலை ஆடிக்கொண்டிருப்பதாக மனைவி சொன்னாள்.

இப்போது மஞ்சள் புள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழாய் மாற்றிய வண்டியில், பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிற ஒரு போல்ட்டின் தலையில் மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கம்பெனி உத்தரவு அது. எந்த ஊர் சென்டருக்குப் போனாலும், புள்ளியைப் பார்த்தவுடன் வேலை முடிந்த வண்டி என்று தெரிந்துகொண்டு மேற்கொண்டு நோண்ட மாட்டார்கள். பெயிண்ட் பேனா கவுண்டரில் என் பொறுப்பில் இருந்தது. சட்டைப் பையில் குத்தி வைத்திருப்பேன்.

டீச்சர் சத்தம் போடாதவர். அதுதான் வினையாகிவிட்டது. சத்தம் போடுகிறவர்களை எனக்குப் பழக்கம். காது வரைக்கும்தான் போகும். இவர் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "மூணாவது தடவையா லீவு போட்டு வந்திருக்கேன். மாமாவுக்குக் கால்ல ஆபரேஷன் ஆகியிருக்கு. வாரம் ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டிலதான் கூட்டிட்டுப் போகணும். பயந்துக்கிட்டே ஓட்டறேன்," என்றார். பெரியவர் பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே தெரிந்த என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி வணக்கம் வைத்தார்.

அன்றைக்கு ஸ்டோரில் ஒரே ஒரு குழாய் மிச்சமிருந்தது. அது என் மச்சானின் வண்டிக்காக எடுத்து வைத்தது. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, சார். அந்த வண்டியில்தான் என் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள். உங்களுக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

டீச்சரிடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்று எழுத்துதான். வாயைத் திறந்தேன், "ஒரு அரை மணி நேரம் உக்காருங்க டீச்சர், இன்னிக்கே முடிச்சுடலாம்," என்று வந்தது. வண்டியை உள்ளே கொண்டுபோய் மூலையில் நிறுத்தினேன். பானெட்டைத் திறந்து மஞ்சள் புள்ளி வைத்தேன். மூன்று விநாடி வேலை. மீதி நேரம் வண்டிக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்தேன். கம்ப்யூட்டரிலும் முடிந்தது என்று போட்டேன். அடுத்த வாரம் குழாய்கள் வந்துவிடும், கூப்பிட்டு மாற்றிக் கொடுத்துவிடலாம் என்று உண்மையாகவே நினைத்தேன். நடுவில் ஒரு வாரத்துக்கு அவர் பயமில்லாமல் ஓட்டட்டுமே என்றுதான் செய்தேன். சாவியைக் கொடுத்தபோது டீச்சரின் கண் கலங்கியது. என் வாழ்க்கையில் யாரும் எனக்கு அப்படி நன்றி சொன்னதில்லை.

அவர் சும்மா இருந்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டார். அதே மாடல் வைத்திருந்த இரண்டு டீச்சர்கள் வந்தார்கள், பிறகு ஒரு டீச்சரின் அண்ணன், அண்ணனின் முதலாளி. எல்லோரும் கவுண்டரில் வந்து, "இங்க தங்கமான மனுஷர் ஒருத்தர் இருக்காராமே?" என்று கேட்டார்கள். தங்கமான மனுஷர் பெயிண்ட் பேனாவை எடுத்தார். மொத்தம் பதினோரு வண்டி ஆயிற்று, டீச்சருடையதைச் சேர்த்து. மேனேஜர் ஒருநாள் என் தோளில் தட்டி, "உன் கவுண்டர்ல மட்டும் சத்தமே இல்லையேய்யா, என்ன மாயம் பண்ற?" என்றார். அந்த மாதம் சிறந்த ஊழியர் என்று என் படத்தைச் சுவரில் மாட்டினார்கள். கழுத்து இறுக்குகிற அந்தச் சட்டையில்தான் எடுத்தார்கள், முகம் சற்று வீங்கித் தெரியும்.

குழாய்கள் வந்தன, சார். வராமல் இல்லை. மூன்று வாரம் கழித்துப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அன்றைக்குத்தான் நான் எவ்வளவு பெரிய புத்திசாலி என்று எனக்கே விளங்கியது. ஸ்டோரில் வண்டி எண்ணைச் சொன்னால்தான் குழாய் கொடுப்பார்கள். அந்தப் பதினோரு எண்ணும் முடிந்த கணக்கில் இருந்தன. சரி, எப்படியாவது வண்டியை உள்ளே வரவழைப்போம், டாக்டர் பழைய குழாயைத் தானாகப் பார்த்துச் சொல்லட்டும் என்று, இலவசமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஒரு பார்வை பார்த்துத் தருகிறோம் என்று பதினோரு பேருக்கும் போன் செய்தேன். பதினோரு பேரும் வந்தார்கள்.

டீச்சரின் வண்டி வந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். டாக்டர் பானெட்டைத் தூக்கினார். மஞ்சள் புள்ளியைப் பார்த்தார்.

"இது ஆன வண்டியாச்சே. எதுக்கு வரச்சொன்ன?"

"சும்மா ஒரு தடவை பாத்துடலாம்னு."

"நீ புள்ளி வெச்ச வண்டிய நான் பாக்கணுமாக்கும்," என்று சிரித்துக்கொண்டே பானெட்டை மூடினார். குழாய் வரைக்கும் கை விட்டுப் பார்க்க வேண்டுமானால் மேலே இருக்கிற மூடியைக் கழற்ற வேண்டும். புள்ளி இருக்கிற வண்டியில் யாரும் கழற்ற மாட்டார்கள். அதற்குத்தானே புள்ளி. நான் "அதுவும் சரிதான்" என்றேன். வண்டியைப் பளபளவென்று கழுவிக் கொடுத்தார்கள். அப்படியே பதினோரு வண்டியும் குளித்துவிட்டுப் போயின.

புள்ளியை அழிக்கவும் பார்த்தேன். ஒரு வண்டியில் தின்னர் போட்டுத் தேய்த்தேன். எஞ்சின் சூட்டைத் தாங்குகிற பெயிண்ட்; அந்தக் குழாயைவிட நல்ல சரக்கு. கை எரிந்ததுதான் மிச்சம். டாக்டரைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல இரண்டு தடவை அவர் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு தடவையும் வேறு எதையோ கேட்டுவிட்டு வந்தேன். சுவரில் என் படம் வேறு இருந்தது.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. டீச்சர் ஒருநாள் போன் செய்தார். வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வருகிறது என்றார். எது கசிகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாய் எப்போதும்போல் வேலை செய்தது. "புதுக் குழாய்ல கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும் டீச்சர், கண்ணாடிய இறக்கி விட்டு ஓட்டுங்க," என்றேன். குழாய் மாற்றி நாலு மாதம் ஆகிவிட்டதே என்று அவர் கேட்கவில்லை. நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறவர். அவ்வளவு நம்புகிற மனுஷியிடம் போய் நான் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது, நீங்களே சொல்லுங்கள். அவர் மனசு எவ்வளவு பாடுபடும்.

இது வரைக்கும் நான் சொன்னதைக் கவனக்குறைவு என்று எழுதலாம், போலிப் பதிவு என்று எழுதலாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. இதற்குப் பிறகு ஒரு போன் இருக்கிறது. எரிந்த அன்றைக்கு, பதினொன்றே கால் மணிக்கு.

டீச்சர் பெரியவரை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். பானெட் ஓரத்தில் லேசாகப் புகை வந்திருக்கிறது. உடனே வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்திவிட்டார். மரத்தடியில் ஒரு சின்னப் பட்டறை. அந்தப் பட்டறைக்காரர் நாற்காலி கொண்டுவந்து போட்டிருக்கிறார். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருந்தார் டீச்சர். அப்புறம் எனக்குப் போன் செய்தார்.

"மாமாவ இறக்கி நிழல்ல உக்கார வெச்சுட்டேன். இங்க ஒருத்தர் பானெட்டத் திறந்து பாக்கறேங்கறார். திறக்கச் சொல்லட்டுமா?"

பட்டறைக்காரருக்கு மஞ்சள் புள்ளி என்றால் என்னவென்று தெரியாது. அவர் கழற்றிப் பார்ப்பார். வெடித்த குழாயை வெளியே இழுத்து டீச்சரின் கையில் கொடுப்பார். நான் இதையெல்லாம் யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன் சார். நிதானமாகத்தான் யோசித்தேன். எதிரில் இருந்த கஸ்டமரிடம் ஒரு நிமிஷம் என்று விரலைக் காட்டிவிட்டு யோசித்தேன்.

"வேண்டாம் டீச்சர். வெளியாள் கை வெச்சா வாரண்டி போயிடும். நாலு கிலோமீட்டர்தானே, நேரா இங்க கொண்டு வந்துடுங்க. நானே பாத்துக்கறேன்."

"புகை வருதே?"

"இப்ப வருதா?"

"இப்ப நின்னுடுச்சு."

"அப்ப ஒண்ணுமில்ல."

அவர் கொஞ்சம் தயங்கினார். "மாமாவ மட்டும் வேற வண்டி பிடிச்சு வீட்டுக்கு அனுப்பிடட்டுமா?" என்று கேட்டார். இதற்கு ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால் நானே பயப்படுகிறேன் என்று அவருக்குத் தோன்றிவிடும். பட்டறைக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"பெரியவர எதுக்கு அலைய விடறீங்க? கூடவே கூட்டிட்டு வாங்க. இங்க ஏசி ரூம் இருக்கு, காலை நீட்டிப் படுத்துக்கட்டும். நீங்க மெதுவா ஓட்டிட்டு வாங்க," என்றேன்.

பட்டறைக்காரரும் டீச்சருமாகப் பெரியவரைத் தூக்கிப் பின் சீட்டில் மறுபடி உட்கார வைத்தார்கள். கிளம்பி இரண்டரை கிலோமீட்டர் வந்தார்கள். முன்பக்கம் முழுக்கப் பற்றிக்கொண்டதும் டீச்சர் இறங்கிப் பின் கதவைத் திறந்திருக்கிறார். கால் நீட்டி வைத்திருந்த மனுஷரை ஒரு ஆளாக இழுத்து எடுக்க முடியவில்லை. விட்டு வரவும் அவருக்கு மனசில்லை. இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோனது.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரைப் பார்த்தேன். கையில் கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். "உங்களுக்கும் கெட்ட பேர் வந்துடுச்சு. நீங்க மெதுவாத்தான் வரச்சொன்னீங்க. எனக்குத்தான் பொறுக்கல, மாமாவுக்கு வெயில் தாங்காதேன்னு வேகமா ஓட்டிட்டேன். என்னாலதான் எல்லாம்," என்று அழுதார். நான் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "பரவாயில்ல விடுங்க டீச்சர், வேணும்னா செஞ்சீங்க?" என்று சொன்னேன். அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அழுகிறவரிடம் அந்த அளவுக்காவது ஆறுதல் சொல்ல முடிந்ததே என்று, பல நாள் கழித்து நேற்று ராத்திரிதான் நன்றாகத் தூங்கினேன்.