திருநீறு பூசிய ரப்பர் கை

வேலை தேடி அலைந்த ஒரு காலையில், பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுன் போகும் ஃபெர்ரியில் எனக்கு முன்னால் தொழிற்சாலைச் சட்டையோடு இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"அக்கா, நேத்து அந்தக் கைக்குத் திருநீறு பூசிட்டேன்," என்றாள் இளையவள்.

"எந்தக் கைக்கு?"

"புது ரோபோ கைக்குத்தான். கரண்ட் ஏத்துனா ரப்பர் விரல் தானா மடங்குமே, அது. நானே ஒட்டுன முதல் கை. புது கெரெத்தா வாங்குனா வண்டிக்குப் பூச மாட்டோமா? அந்தப் பழக்கத்துல ஒரு விரல்ல மட்டும் லேசா வச்சேன்."

"அடிப்பாவி! தூசி படக்கூடாதுன்னுதானே நமக்கே முக்காடு போட்டு உள்ளே விடுறாங்க? அந்த ரப்பர் பலூனை விட மெல்லிசு. தூசி இருக்கிற இடத்துல கரண்ட் ஓட்டை போட்டுடும்."

"துடைச்சிட்டேன்கா."

"எதால?"

"ஈரத் துணியால."

மூத்தவள் தலையில் கை வைத்தாள். "அபிஷேகமும் பண்ணிட்டியா! டெஸ்ட் எப்போ?"

"எட்டரைக்கு. விலைக்கு வாங்க வர்றவங்க அதோட கை குலுக்கிப் பார்ப்பாங்களாம். அடுத்த வாரந்தான் என்னை வேலையில கன்ஃபர்ம் பண்றாங்க. சொன்னா வேலை போயிடும் லா."

"சொல்லாட்டி, குலுக்குறவன் கை என்னாகும்?"

இளையவள் போனை எடுத்து, கரண்ட் ஏற்ற வேண்டாம் என்று மலாய் மொழியில் சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"திட்டுனாரா?"

"இல்லக்கா. எந்த விரல்னு மட்டும் கேட்டுட்டு வச்சிட்டாரு. திட்டியிருந்தாலாவது பரவாயில்ல. வேலை இருக்கா, போச்சான்னே தெரியல."

ஃபெர்ரி கரையில் இடித்து நின்றது. அவள் எழுந்திருக்கவில்லை.