நகரும் நாற்காலி

இரவு இரண்டரை மணி. தையல் ஆலைக்குப் பின்னால் போகிற சாலை... ஈ காக்கை இல்லை. என் தோழியின் நாத்தனார் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு தனியாகப் போய்க்கொண்டிருந்தாள். கிட்டே வந்து உட்காருங்கள், கத்திச் சொல்லும் கதை இல்லை இது.

வண்டி உருண்டால்தான் குண்டுப்பயல் கண்ணை மூடுவான். நின்றால் ஊரைக் கூட்டுவான். புருஷன் லாரி டிரைவர், வீடு தங்கமாட்டான். அவளோ விடிந்ததும் ஆலையில் மிஷின் முன்னால் உட்கார வேண்டும். முந்தின நாள்தான் தூக்கக் கலக்கத்தில் ஊசி விரலுக்குள் இறங்கியிருந்தது. இன்னொரு தடவை கண்ணயர்ந்தால் வேலை போய்விடும்.

அழுகை முட்டியது. ஆளில்லாத சாலையைப் பார்த்துச் சொன்னாள்.

"யாராவது வந்து இவனைத் தூங்க வைங்களேன்... புண்ணியமாப் போகும்."

ஈரத்துணி மக்கிய வாடை மட்டும் வந்து போனது.

மறுநாள் தடுப்பூசி போடும் நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டினாள்.

"அழவிட்டுப் பழக்க வேணாம்மா. கண்ணு சொருகும்போதே தொட்டில்ல விடு. பக்கத்துல நாற்காலி போட்டு மெதுவாத் தட்டு. பழகப் பழக நாற்காலியக் கொஞ்சம் கொஞ்சமாக் கதவுப் பக்கம் நகத்து. அவனே தூங்கிடுவான்."

நன்றாகவே வேலை செய்தது. நாற்காலி விலக விலகச் சிணுங்கல் குறைந்தது. ஆனால் பயலின் கண் அவளைத் தேடவில்லை... முதலில் எதிர்ச் சுவரோரத்தைப் பார்த்துச் சிரித்தான். பிறகு அலமாரியை. பிறகு தொட்டில் விளிம்பை.

கடைசியில் நாற்காலி கதவுக்கு வெளியே வந்தது. உட்கார்ந்தாள். உள்ளே சத்தமே இல்லை. அப்புறம்...

தட்... தட்டட். தட்... தட்டட்.

கதவிடுக்கில் அதே ஈரத்துணி வாடை. கதவைத் திறந்தாள். பயல் மல்லாந்து, அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். சட்டையில் நெஞ்சுக்கு மேலே, உள்ளங்கை அளவுக்கு ஈரம்.

அள்ளிக்கொண்டு ஓடியிருக்க வேண்டும்தானே? நாம் ஓடியிருப்போம், வயிறு நிறையத் தின்று மத்தியானமும் தூங்கினவர்கள். அவள் ஆறு மாதமாகத் தூங்காதவள். தூக்கினால் விழித்துக்கொள்வானே என்ற பயம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. பாவி மகள், சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுத் தன் அறைக்குப் போய், சுவர்ப் பக்கம் திரும்பி விழுந்தாள்.

எவ்வளவு நேரமோ... முதுகில் இதமாக ஒரு கை தட்டியது.

"எப்ப வந்தீங்க? பயல் தூங்கறானா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"ஷ்ஷ்..."

தலையணைக்கடியில் போன் அதிர்ந்தது. தடவி எடுத்துக் காதில் வைத்தாள். புருஷன். பின்னால் லாரி எஞ்சின் உறுமியது.

"வண்டி வழியில மக்கர் பண்ணுது. வர ரெண்டு நாளாகும். நீயாவது கொஞ்சம் தூங்கினியா?"

தட்... தட்டட்.

கண்ணைத் திறந்தாள். எதிர்ச் சுவரில், கூடத்து வெளிச்சத்தில், ஒரு நாற்காலியின் நிழல். பயலின் அறைக் கதவுக்கு வெளியே விட்டு வந்த நாற்காலி, கட்டிலை ஒட்டி... அதில் யாரும் இல்லை.

கத்த வாயைத் திறந்தாள். கொட்டாவிதான் வந்தது.